அக்கா உயிரோடு இருக்கும் வரை

ஸ்பேனர் தன் எழுபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் நம்பிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். மற்றதையெல்லாம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைசியில் "இதுல எங்கயோ உள்குத்து இருக்கு" என்று மடித்து வைத்துவிடுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட இரண்டு மருந்துக்கடையில் காட்டுவார். இரண்டு கடைக்காரரும் ஒரே மாத்திரையை எடுத்தால்தான் வாங்குவார். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட மனுஷர். முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியில் மல்லாக்கக் கிடந்தவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவர் நம்பிய அந்த ஒரு காகிதம் ஆவணக் காப்பகத்துக் காகிதம்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அவருடைய அப்பா அதே டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நாற்பத்து மூன்று நாள் நடந்த வேலைநிறுத்தம் அவர் தலைமையில்தான் நடந்தது. அவர் போன பிறகும் பல வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே சங்கத்துக் கூட்டக் குறிப்புகள், துண்டறிக்கைகள், போட்டோக்கள். இது எப்படியோ காதில் விழுந்து காப்பகத்திலிருந்து காப்பாளர் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற ஆள். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் டீ குடித்தார். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அதுதான் ஸ்பேனரைச் சாய்த்தது. அவரிடம் ஏதாவது வேண்டி வந்து அவசரப்படாத ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெட்டியின் அடியில் இருந்த நீல உறையை மட்டும் ஸ்பேனர் தனியாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், இதை எரிச்சுடலாம்னு எத்தனையோ தடவை தீப்பெட்டி எடுத்தேன். கை வரல. ஆனா எங்க அக்கா கண்ணுல இது படவே கூடாது. அவ இருக்கற வரைக்கும் கூடாது."

"அதுக்கு வழி இருக்குங்க," என்றார் காப்பாளர். "மூடி வெச்சுடலாம். அவங்க காலம் வரைக்கும் யாருக்கும் எடுத்துத் தரமாட்டோம். எழுதியே கொடுத்துடறேன்."

எழுதியே கொடுத்தார். நன்கொடையாளரின் அக்கா உயிரோடு இருக்கும் வரை நீல உறை மூடப்பட்டிருக்கும் என்று. கீழே கையெழுத்து, முத்திரை. ஸ்பேனர் வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்குத்து எதுவும் கண்ணில் படவில்லை.

உறைக்குள் இருந்தவை ஏழு கடிதங்கள். அப்பா எதை எழுதினாலும் அடியில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவனுக்கு எழுதிய சீட்டுக்குக்கூட நகல் உண்டு. அந்தப் பழக்கம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஏழும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது டிப்போ மேனேஜருக்கு அவர் ரகசியமாக எழுதியவை. யார் எங்கே கூடுகிறார்கள், யார் முன்னால் நிற்கிறார்கள், யாரைத் தட்டினால் மற்றவர்கள் அடங்குவார்கள். ஆறாவது கடிதத்தில் பத்தொன்பது பெயர்கள். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் அந்தப் பத்தொன்பது பேரும் வெளியே தள்ளப்பட்டார்கள். பதினோராவது பெயர் அக்காவின் புருஷன். டிரைவர். அப்பாவுக்குச் சொந்த மருமகன்.

மாமா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எந்த டிப்போவும் அவரைச் சேர்க்கவில்லை. பதினாறு வருஷம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தே கரைந்து போனார். காட்டிக்கொடுத்தது தன் உயிர் நண்பன் நெட்டையன்தான் என்று சாகும் வரை நம்பினார். ஏனென்றால் வெளியே போன பத்தொன்பது பேரில் நெட்டையனை மட்டும் இரண்டு வருஷத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மாமாவின் கடைசி நாளில் நெட்டையன் வாசலில் வந்து நின்றார். "அந்த நாயை உள்ள விடாதே" என்றார் மாமா. அக்கா விடவில்லை. கதவை அவர் முகத்துக்கு நேராகச் சாத்தினாள்.

குடும்பத்தில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் ஸ்பேனர். அவரும் அக்காவும் இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஸ்பேனரின் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. காலையில் யார் முதலில் பேப்பர் படிப்பது என்பதில் தொடங்கி ராத்திரி யார் விளக்கை அணைக்க மறந்தது என்பது வரை இருவரும் சண்டை போடுவார்கள். அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. அவளும் இல்லையென்றால் ஸ்பேனரைத் திட்ட உலகத்தில் ஆள் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு ஸ்பேனர் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேஜையில் அக்கா. எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் பட்டி போட்ட அடையாள அட்டையோடு. நடுவில் கை அகல ரெக்கார்டர் ஒன்று சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு டீ. இரண்டிலும் ஆடை படிந்திருந்தது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "வணக்கம் சார். நான் ஆய்வு மாணவி. பல்கலைக்கழகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்தற முனைவர் பட்டத் திட்டத்துல இருக்கேன். அந்த வேலைநிறுத்தம்தான் என் தலைப்பு. வேலை போன குடும்பங்களை ஒவ்வொண்ணா பார்த்துப் பேசிட்டு வர்றேன்."

"உக்காருடா தம்பி," என்றாள் அக்கா. குரல் தட்டையாக இருந்தது. "இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. எனக்குக் காது சரியில்லையோ என்னமோ. அம்மா, அந்த ஆறாவது லெட்டரைப் பத்தி சொன்னியே, அதை இவன்கிட்டயும் சொல்லு."

ஸ்பேனர் யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். யோசிக்கவில்லை. கோபம் முந்திக்கொண்டது.

"அது எப்படி உன் கைக்கு வந்துச்சு? அதைத்தான் மூடி வெச்சிருக்கே!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

அக்கா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எதைடா மூடி வெச்சிருக்கு?"

மாணவியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், உங்க குடும்பத்துக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். பேட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி எல்லாச் சம்மதமும் வாங்கியாச்சுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"ரெண்டு பக்கமும்."

"நீ அந்த மிஷினை அணைச்சுட்டுக் கெளம்பும்மா," என்றாள் அக்கா. "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குச் சொன்னதை நீ செஞ்சே."

மாணவி போனதும் ஸ்பேனர் வாயைத் திறந்தார். அக்கா கையை உயர்த்தினாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படார் என்று சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே வராமல் சாத்தினாள். அன்று முழுக்க வீட்டில் சண்டையே இல்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் ஸ்பேனர் காப்பகத்து வாசலில் நின்றார். பத்துக்குத்தான் திறந்தார்கள். பையை வாங்கி வைக்கிற ஆள், "பேனா இருந்தா இங்கயே வெச்சுடுங்க பெரியவரே, உள்ள பென்சில் மட்டும்தான்" என்றான்.

"ஏன், பேனா என்ன பண்ணும்?"

"காகிதம் கெட்டுடும்."

"இங்க பேனாவாலதான் கெடுதா?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனர் உள்ளே நடந்தார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நடைபாதைச் சுவரில் பளபளவென்று ஒரு போஸ்டர். இடது மூலையில் பல்கலைக்கழகச் சின்னம், வலது மூலையில் காப்பகச் சின்னம், நடுவில் அப்பா. டிப்போ வாசலில் பெட்டி மேல் ஏறி நின்று கையை ஓங்கிப் பேசும் போட்டோ. கூட்டு முனைவர் ஆய்வுத் திட்டம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்து. ஸ்பேனர் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'இதுவரை எந்த ஆய்வாளரும் கண்டிராத அந்தரங்கக் கடிதங்கள் உட்பட.' தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை படித்தார். போஸ்டரின் அடியில் தேதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

அந்தப் பெண் தானாகத் தோண்டி எடுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்பே இவர்கள் உறையைக் காட்டி ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

காப்பாளர் அறையில் அதே மெதுவான சிரிப்பு. "வாங்க வாங்க, எவ்வளவு நாளாச்சு! டீ சொல்லட்டுமா?"

"நீங்க எங்க வீட்ல குடிச்ச டீயே எனக்கு இன்னும் செரிக்கல. அந்த உறையை எவன் தெறந்தான்?"

காப்பாளருக்கு விஷயம் முன்பே வந்துவிட்டிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. நாற்காலியைக் காட்டினார். ஸ்பேனர் உட்காரவில்லை.

"கொஞ்சம் பொறுமையா கேளுங்க. உறை இன்னும் மூடித்தான் இருக்கு."

"என்னது?"

"வெளியிலேர்ந்து படிக்க வர்றவங்க கவுண்ட்டர்ல சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. கவுண்ட்டர்ல ஒரு பதிவேடு இருக்கு. மூடின உறைகளுக்கு அதுல சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்போம். சிவப்பு இருந்தா தரமாட்டோம். இந்த ஆறு வருஷத்துல உங்க உறையை நாலு பேர் கேட்டாங்க. நாலு பேரையும் திருப்பி அனுப்பிச்சோம்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணு கவுண்ட்டருக்கு வர்றதில்லையே. இந்தத் திட்டத்துல சேர்ந்தா மூணு வருஷம் அவங்களுக்குப் பணியாளர் அட்டை. பெட்டியைப் பிரிச்சு அடுக்கறது, பட்டியல் போடறது, எல்லாம் அவங்க படிப்புல ஒரு பாகம். நேரா கிடங்குக்கே போயிடுவாங்க. கிடங்குல சிவப்புச் சீட்டு கிடையாது."

ஸ்பேனர் மேஜைக்கு அருகே வந்தார். "முன் கதவுக்கு மட்டும் பூட்டு. பின்கதவு ஆன்னு தெறந்து கெடக்கு. கேட்டா பூட்டியிருக்குன்னு சொல்லுவீங்க."

"அப்படி இல்லைங்க. எங்க அக்கறையெல்லாம்..."

"எங்க அக்காகிட்டப் போய்ப் பேசச் சொன்னது யாரு?"

காப்பாளர் போனை எடுத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டார். அந்த மாணவிக்கு வழிகாட்டிகள் இரண்டு பேர். இங்கே காப்பாளர், அங்கே பேராசிரியர். பேராசிரியரின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது.

"எங்க நெறிமுறைக் குழுப் படிவத்துல தெளிவா இருக்கே! ஆவணம் கொடுத்த குடும்பத்தோட சம்மதம் வாங்கறது காப்பகத்தோட பொறுப்பு."

"சார், எங்க படிவத்துல வேற மாதிரி இருக்கு. வெளியாட்களைச் சந்திச்சுப் பேசறதுக்குச் சம்மதம் வாங்கறது பல்கலைக்கழகத்தோட பொறுப்பு."

"நீங்க கேட்டிருப்பீங்கன்னுதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"நீங்க போட்டிருந்தீங்களேன்னுதான் நான் போட்டேன்."

ஸ்பேனர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து போனுக்குள் பேசினார். "ஐயா, நான் மெக்கானிக். பிரேக்கை அவன் பார்த்திருப்பான்னு இவன், இவன் பார்த்திருப்பான்னு அவன். எங்க டிப்போவுல இப்படி ரெண்டு பேர் இருந்திருந்தா போற வழியெல்லாம் பொணம் விழுந்திருக்கும். நீங்க என்னடான்னா இதுக்குப் பட்டம் வேற கொடுக்கறீங்க."

பேராசிரியர் இருமினார். பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டார்.

"சரி, அது மறதின்னே வெச்சுக்குவோம்," என்றார் ஸ்பேனர். "வெளியில சுவத்துல ஒட்டியிருக்கே, யாரும் பார்க்காத கடுதாசின்னு. அது யார் எழுதினது?"

காப்பாளரின் சிரிப்பு அப்போதுதான் போனது. ஜன்னலைப் பார்த்தார். "இந்தத் திட்டத்துக்கு எட்டு காப்பகம் போட்டி போட்டாங்க. மூணு இடத்துக்குத்தான் கிடைக்கும். எங்களை யாருங்க திரும்பிப் பார்ப்பாங்க? மழை பெஞ்சா கிடங்கு ஒழுகற காப்பகம் இது. வித்தியாசமா ஏதாவது காட்ட வேண்டியிருந்துச்சு."

"அதுக்கு எங்க அப்பன் மானம்தான் கெடச்சுதா?"

"நான் தப்புப் பண்ணிட்டேன். ஒத்துக்கறேன்."

"பெட்டியைக் கொடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"அது முடியாதுங்க. அது நன்கொடை. கொடுத்தது கொடுத்ததுதான்."

அடிக்கலாம் என்று கை பரபரத்தது. ஆனால் எதிரில் இருந்தது ஒரு ஒல்லி மனுஷர், மெதுவாகப் பேசி மெதுவாகவே கழுத்தை அறுத்தவர். அவரை அடித்து என்ன ஆகப் போகிறது? தன் மேலேயே ஸ்பேனருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஊரையே நம்பாமல் இருந்துவிட்டு, டீயை அவசரப்படாமல் குடிக்கிறான் என்பதற்காக ஒருத்தனை நம்பியிருக்கிறார்.

அக்கா இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், எடுத்தாள். பேப்பரை அவர் பக்கமாகவே முதலில் தள்ளிவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. மூட்டு வலியில் தெருமுனைக் கடைக்கே போகாதவள் எங்கே போனாள் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். மதியம் ஒன்றரை மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். மூன்று நாளுக்கு அப்புறம் அவரிடம் முதல் பேச்சு.

"காப்பகத்துக்குப் போயிருந்தேன்."

"தனியாவா? எதுக்குக்கா?"

"எதுக்கா? நம்ம அப்பா லெட்டரைப் படிக்க. வரிசையில நின்னேன். பேர் எழுதி, போட்டோ எடுத்து, ஒரு சீட்டுக் கொடுத்தாங்க. கவுண்ட்டர்ல இருந்த பொம்பளை ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, இது தர முடியாதும்மா, மூடியிருக்குங்கறா. எது வரைக்கும் மூடியிருக்குன்னு கேட்டேன். கொடுத்தவரோட அக்கா சாகற வரைக்கும்னா. நான்தாம்மா அந்த அக்கான்னேன்." அக்கா நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பாவம், அவளுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அப்ப உங்களுக்குத்தான் கண்டிப்பா தரக் கூடாதுங்கறா."

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு படிச்சாச்சு. பேராசிரியர் படிச்சாச்சு. நீ எப்பவோ படிச்சாச்சு. எனக்கு மட்டும் செத்தப்புறம் வரணுமாம். செத்தப்புறம் கண்ணாடியை யார்றா எடுத்துத் தருவா?"

கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடலை நீக்கக் கோரும் விண்ணப்பம். கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் சிவப்புச் சீட்டை எடுப்பார்கள். அவர் போடாவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"போடு."

ஸ்பேனர் பேனாவை எடுத்தார். போடவில்லை. பெயர்ப் பட்டியலோடு விஷயம் முடிந்திருந்தால் போட்டிருப்பார். அது அக்காவுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் ஏழாவது கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதில் நாலே வரி. மேனேஜர் தயாரித்த முதல் பட்டியலில் ஸ்பேனரின் பெயரும் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பயிற்சி மெக்கானிக், போலீஸ் வண்டியின் டயரில் காற்றை இறக்கியவன். அப்பா எழுதியிருந்தார்: என் மகன் சின்னவன், அவனை விட்டுவிடுங்கள், எண்ணிக்கை குறையக் கூடாதென்றால் என் மருமகன் பெயரை நான் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், நான் எதிர்ப்புச் சொல்லமாட்டேன். ஸ்பேனரின் முப்பத்தாறு வருஷ வேலை அந்த நாலு வரியில் நின்றது.

"அக்கா, பேர்தான் உனக்குத் தெரிஞ்சுபோச்சே. இன்னும் அதைத் தோண்டி என்ன பண்ணப் போறே?"

"இன்னும் என்னமோ இருக்கு. உன் மூஞ்சிலயே தெரியுது. போடுடா."

போடாமலும் இருக்கலாம். இன்னும் எத்தனை வருஷம், ஐந்தா, ஏழா. அந்த வருஷங்கள் எல்லாம் பேப்பரைத் தன் பக்கம் முதலில் தள்ளுகிற இந்த அக்காவோடுதான் போகும். ஸ்பேனர் கையெழுத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்துதான் போனார்கள். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம், அவர் பக்கத்தில். படிப்பறைக்குள் அவள் போனாள். அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் கண்ணாடிச் சுவர்.

ஆய்வு மாணவி வந்து தயங்கித் தயங்கி எதிரே நின்றாள். "சார், அம்மா சரின்னு சொல்ற வரைக்கும் அந்த லெட்டர்ஸைப் பத்தி ஒரு வரிகூட எழுதமாட்டேன். பேராசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன். தலைப்பை மாத்தணும்னாலும் மாத்திக்கறேன்."

"எழுத்துல கொடுப்பியா?"

"கொடுக்கறேன் சார்."

"வேண்டாம். எழுத்துல வாங்கினதுக்கு இருக்கற மரியாதையைத்தான் பார்த்தேனே."

அவள் கண் கலங்கியது. போய்விட்டாள். அவள் மேல் பெரிய தப்பு இல்லை என்று ஸ்பேனருக்குத் தெரியும். தெரிந்தும் நல்ல வார்த்தை ஒன்று வாயில் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவுண்ட்டர்ப் பெண் ஒரு பஞ்சுத் தலையணையை மேஜைமேல் போட்டு அதன்மேல் உறையை வைத்தாள். அக்கா ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிப் படித்தாள். கடிதம் மாறும்போதெல்லாம் ஸ்பேனர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். ஐந்து. ஆறு. ஏழாவதில் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. இப்போது நிமிர்ந்து தன்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தார். பார்க்கவில்லை. ஏழாவதைக் கீழே வைத்துவிட்டு, அதற்கும் அடியில் இருந்த இன்னொரு தாளை எடுத்தாள். அச்சடித்த படிவம். எட்டாவதாக ஒன்று அந்த உறையில் கிடையாது என்றுதான் ஸ்பேனர் நினைத்திருந்தார்.

முக்கால் மணி கழித்து வெளியே வந்தாள். கையில் முத்திரை குத்திய நகல்கள். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ஏழாவது... நான் அப்பாகிட்டக் கேட்கலக்கா. சத்தியமா எனக்கு அப்ப எதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா. அப்பா யாரை வெச்சுக்கிட்டு யாரை விட்டார்ங்கறது அவர் செஞ்சது. அதுக்கு உன்னைக் கேட்கமாட்டேன்." நகல்களைப் புரட்டி அந்த அச்சடித்த படிவத்தை மேலே எடுத்தாள். "இது நீ பெட்டி கொடுத்தப்ப அந்த ஆபீசர் நிரப்பினது. ஒவ்வொரு உறைக்கும் ஒண்ணு வெப்பாங்களாம், அது யார் யார் கையில இருந்துச்சுன்னு. 'இந்தக் கடிதங்கள் உங்களுக்கு எப்போது கிடைத்தன?' உன் பதிலை எழுதியிருக்கார். 'அப்பா இறந்த வாரம்.'"

ஸ்பேனருக்கு ஞாபகம் வந்தது. மேஜை, டீ, மெதுவான குரல். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று உண்மையைச் சொல்லியிருந்தார்.

"அப்பா போனப்புறம் உங்க மாமா நாலு வருஷம் இருந்தார்டா," என்றாள் அக்கா.

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நாலு வருஷம் தினம் வேலை முடிஞ்சு வந்து அவர் பக்கத்துல உக்காருவே. அவர் நெட்டையனைத் திட்டுவார். நீயும் 'ஆமா மாமா, அவன் அப்படித்தான்'ம்பே. என் காதால கேட்டிருக்கேன். அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னப்ப நீ எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தே. நான் கதவைச் சாத்தினேன். பார்த்துக்கிட்டு இருந்தே."

"சொன்னா மாமா தாங்கியிருப்பாரா?"

"தாங்கியிருக்கமாட்டார். ஆனா நெட்டையனை உள்ள கூப்பிட்டிருப்பார்."

அக்காவுக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிவந்ததைச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஸ்பேனர் வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. அக்கா நகல்களை நாலாக மடிக்காமல், கசங்காமல், ஒரு அட்டைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டையன் இப்பவும் அந்த வீட்லதானே இருக்கார்?"

"மகன் வீட்ல இருக்கார்னு கேள்வி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால." உடனே சேர்த்துக்கொண்டார், "நானும் வர்றேன்கா. நானே சொல்றேன் அவர்கிட்ட."

"நீ வேண்டாம்."

"அக்கா, படி உயரமா இருக்கும். ஏத்தியாவது விடறேன்."

"கண்டக்டர் இருக்கார்."

பஸ் வந்தது. கண்டக்டர் கையை நீட்டினான். அக்கா அட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் அவனைப் பிடித்து, மூட்டு வலியை நொந்துகொண்டே ஏறினாள். டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் நேராகப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பின்படி காலியாக இருந்தது. எட்டி ஏறினால் ஏறிவிடலாம். ஓடும் பஸ்ஸிலேயே ஏறி இறங்கிய உடம்பு. ஸ்பேனர் நின்ற இடத்திலேயே நின்றார். கண்டக்டர் விசிலடித்தான்.

நெட்டையன் கதவைத் திறப்பாரா, அக்கா முகத்துக்கு நேராகச் சாத்துவாரா, திறந்தால் இரண்டு கிழங்களும் என்ன பேசும் என்று எதுவும் அவருக்குத் தெரியப்போவதில்லை. சாயங்காலம் வந்து அக்கா சொன்னால்தான் உண்டு. சொல்லாமலே விட்டாலும் விடுவாள்.